பதினாறுக்குப் பன்னிரண்டு

போன மாதம் துறைமுக வேலைத்தலத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அங்கிருந்து கடிதம் வந்தால், ஒன்று யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒரு சாவியைத் தொலைத்திருக்க வேண்டும். இது இரண்டுமில்லை. நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் பொறியியலாளர், ஊழியர்களின் உடல்நலத்துக்காகத் துண்டுப்பிரசுரம் ஒன்று அச்சிடப் போகிறாராம். 'புகைப்பதை நிறுத்தினால் உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் பலர் நிறுத்தாமல் இருக்கிறார்கள். நீங்கள் இரண்டையும் சமாளித்தவர். இளைஞர்களுக்கு உற்சாகம் தரும்படி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்' என்று கேட்டிருந்தார். மாதிரிக்குத் தன்னுடைய பிரசுரத்தையும் வைத்திருந்தார். அதில் ஒருவன் கரட் கடித்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவன் வாழ்நாளில் சிகரட்டைத் தொட்டவனாகத் தெரியவில்லை. கரட்டைக்கூட இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறான் என்று நினைக்கிறேன்.

உற்சாகம் என்னிடம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. என்னைப்போல.

வெள்ளைக்காரக் கடற்படை இங்கே இருந்த காலத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவன் நான். ஐந்து வருடத்தில் அரம் பிடிக்கவும், ஆங்கிலத்தில் ஏச்சு வாங்கவும், சிகரட் புகைக்கவும் கற்றுக்கொண்டேன். கடைசிப் பாடத்துக்கு மட்டும் எவரும் சான்றிதழ் தரவில்லை. நான் முதல் வகுப்பில் தேறியது அதில்தான். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனபோது அவனுடைய நீராவிப் படகுகள் சிலவும் அவனுடைய பழக்கங்கள் பலவும் எங்களோடு தங்கிவிட்டன.

டீசல் படகையே பார்த்து வளர்ந்தவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நீராவிப் படகின் வயிற்றில் பொயிலர் இருக்கும். ஒரு சிறிய அறையளவு இரும்பு உருளை. அதன் இரண்டு முனைத் தகடுகளும் நீராவி அழுத்தத்தில் பிய்ந்து போகாமல், கைப்பருமனான இரும்புக் கம்பிகள் உள்ளுக்குள் குறுக்கே நின்று இழுத்துப் பிடித்திருக்கும். கம்பி முறிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்கு அதைச் சொல்ல வாய் இருக்காது. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை பொயிலரை ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, ஒரு மனிதன் உள்ளே இறங்கி ஒவ்வொரு கம்பியையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பான். நல்ல கம்பி கோயில் மணிபோலப் பேசும். கெட்டது பலகைபோல முனகும்.

உள்ளே இறங்குவதற்கு உச்சியில் ஒரு முட்டைவடிவத் துளை. நீளம் பதினாறு அங்குலம், அகலம் பன்னிரண்டு. இந்தக் கட்டுரையை வாசிக்கும் கனவான்கள் ஒரு கடதாசியில் அந்த அளவுக்கு வரைந்து, வெட்டி, தங்களுடைய வயிற்றில் வைத்துப் பார்க்கலாம். தனியாக இருக்கும்போது செய்வது நல்லது.

எங்கள் போர்மன் செபஸ்தியாம்பிள்ளை. முந்நூறு றாத்தலுக்குக் குறையாத மனிதர். அந்தத் துளைக்குள் அவருடைய ஒரு கால் போகும், அதுவும் சப்பாத்தைக் கழற்றினால். அதனால் அவர் வெளியே நிற்பார். ஒரு கருங்காலித் தடியின் ஒரு முனையைப் பொயிலரின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே நான். ஒரு கம்பிக்கு இரண்டு அடி. பிறகு மூன்று எண்ணும் நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு அடுத்த கம்பி. அந்த ஒழுங்கை ஒருவன் பிழைத்தால் அவர் கத்தமாட்டார். முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். சாதாரண நாட்களில் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவார். 'மிஸ்டர் இராசையா' என்று கூப்பிட்டால் வேலைத்தலத்தில் காகம்கூடக் கரையாது.

துளைக்குள் நுழையும் முறையையும் அவர்தான் எனக்குக் காட்டித் தந்தார். காட்டி என்பது பிழை. கதிரையில் இருந்தபடி சொல்லித் தந்தார். இடது கை மேலே. தலை. பிறகு தோள், கோணலாக. நெஞ்சு வரும்போது மூச்சு முழுவதையும் வெளியே விட்டு, வெறும் நெஞ்சோடு பத்து எண்ணும்வரை இருக்க வேண்டும். அந்தப் பத்துக்குள் உடம்பு கடந்துவிட வேண்டும். "மூச்சை அடக்கிறதுக்கு எவனாலும் ஏலும், தம்பி. மூச்சில்லாமல் இருக்கிறதுதான் வேலை" என்பார்.

நாளுக்கு இருபது சிகரட் இழுத்த எனக்குப் பத்து என்பது முதலில் எட்டாகியது. பிறகு ஆறு. ஒருநாள் நெஞ்சு துளையில் இருக்கும்போது நாலிலேயே இருமல் வந்துவிட்டது. மூச்சில்லாத நெஞ்சில் இருமல் வந்தால் என்னவாகும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். முதலில் அது காற்றைத் தேடும். காற்றை இழுத்தால் நெஞ்சு விரியும். விரிந்தால் இரும்பு கடிக்கும். கடித்தால் இன்னும் இருமல். வைன் போத்தல் தக்கைபோல அரைமணி நேரம் நின்று இருமினேன். என் கூட்டாளி ஜப்பார், கிண்ணியாக்காரன், அரமும் அளவுமாக இயந்திரம் பொருத்தும் வேலையில் வேலைத்தலத்தின் முதலாம்தரப் பிட்டர், என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினான். போர்மன் ஓதவில்லை. தடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ்டர் இராசையா, இந்த நெஞ்சு இப்ப உங்கடை இல்லை. அதைச் சிகரட்டிட்டை வாடகைக்குக் குடுத்திருக்கிறியள். ஒண்டில் அவனைக் குடி எழுப்புங்கோ, இல்லாட்டி ஸ்டோருக்குப் போய் ஆணி எண்ணுங்கோ."

ஸ்டோரில் ஆணி எண்ணுவது என்பது எங்களிடையே உயிரோடு அடக்கம் செய்யப்படுவதற்கு நிகர். ஆகவே டாக்டரிடம் போனேன். அவர் மஞ்சளேறிய விரலால் என் நெஞ்சைத் தட்டினார். போர்மனைப் போலத்தான், ஆனால் காது கொஞ்சம் குறைவு. மேசையில் அவருடைய சிகரட் புகைந்துகொண்டிருந்தது.

"சிகரட்டை விட்டிடுங்கோ" என்றார்.

"சேர், விட்டால் உடம்பு வைக்குமாமே?"

"கொஞ்சம் வைக்கும். பரவாயில்லை. ஆள் பார்க்க வடிவாயிருப்பியள்."

அவருடைய தொழிலில் நோயாளிதான் அவரிடம் வருகிறான். அவர் நோயாளிக்குள் பன்னிரண்டு அங்குலத் துளை வழியாக இறங்க வேண்டியதில்லை. பரவாயில்லை என்று சொல்ல அவரால் முடியும்.

விட்டேன். எப்படி என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உத்தி எதுவுமில்லை. ஆணி எண்ணப் பயம், அவ்வளவுதான். முதல் வாரம் வீட்டில் மனுசியோடு சண்டை. இரண்டாம் வாரம் அயலோடு. மூன்றாம் வாரம் நிலாவெளி பஸ் கொண்டக்டரோடு. பிறகு சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் சாப்பிடத் தொடங்கினேன்.

புகையை விட்டவனை எங்கள் சனம் கர்ப்பிணியைப் போல நடத்தும். அவன் எதைக் கேட்டாலும் கொடுக்கும், கேட்காவிட்டால் இன்னும் கொடுக்கும். கைக்கு வேலை வேண்டும் என்று ஒருவர் உரித்துத் தின்னக் கச்சான் கடலை தந்தார். வாய்க்கு வேலை வேண்டும் என்று இன்னொருவர் கற்கண்டு தந்தார். சிகரட் நினைவு வரும்போதெல்லாம் ஒரு பிளேன்ரீ குடியுங்கள் என்றார் ஒரு பெரியவர். எனக்கு அந்த நினைவு நாளுக்கு இருபது தரம் வந்தது. இருபது தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சீனி. மனுசி இரவில் பிட்டோடு வாழைப்பழமும் வைத்து, "பாவம், புகையை விட்ட வயிறு" என்றாள். புகை வயிற்றில் இருந்ததாக யார் இவளுக்குச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. வாயில் பிட்டு இருந்தது. ஜப்பார் தன் பங்குக்குத் திங்கள்தோறும் கிண்ணியாவிலிருந்து ஒரு சட்டி எருமைத்தயிர் கொண்டுவந்தான். அந்தத் தயிரைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்ல என் மனம் இப்போதும் இடம் தராது. ஆனால் என் வயிற்றின் கீழ்ப்பாதி அந்தத் தயிர்தான்.

போர்மன் தராசை நம்புகிறவர் அல்ல. "தராசு மனுசன்ரை பாரத்தைச் சொல்லும். எனக்குத் தேவை அளவு" என்பார். ஒரு தடித்த தகட்டில் பொயிலர் துளையின் சரியான அளவுக்குத் தன் கையாலேயே ஒரு துளை வெட்டி, நாலு கால் பூட்டி, மேசைபோல வேலைத்தலத்தின் நடுவில் நிறுத்திவைத்திருந்தார். நான் புகையை விட்ட நாளிலிருந்து அவருடைய கட்டளை: ஒவ்வொரு சனிக்கிழமையும் அரைநாள் வேலை முடிகிறபோது நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், துளை வழியாக மேலே வர வேண்டும். எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். போர்மன் பத்துவரை எண்ணுவார்.

இரண்டாம் மாதம் இடுப்பு உரசியது. மூன்றாம் மாதம் தோல் உரிந்தது. நாலாம் மாதத்திலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. காற்சட்டையில் ஊக்கு நிற்கவில்லை, மனுசி சேட்டுகளை விரித்துத் தைத்தாள், ஆனால் மேசையில் நான் மீன்போல வழுக்கிக்கொண்டு மேலே வந்தேன். சனங்கள் கைதட்டினார்கள். போர்மன் ஒருமுறை தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவது மற்றவர்கள் மாலை போடுவதற்குச் சமம்.

நான் நிறைய வாசிக்கிறவன். வாசிப்பு மனிதனை எவ்வளவு தூரம் மடையனாக்கும் என்பதற்கு இது சாட்சி. புகையை விட்டவனின் எலும்பு இளகி, உடம்பு ரப்பர்போல ஆகும் என்று ஒரு விஞ்ஞானத்தை நானே உண்டாக்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த ஜப்பார், "ஓம் மச்சான், ரப்பர்தான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சனிக்கிழமைகளில் அந்தத் துளையின் விளிம்பு புதுச் சிவப்புப் பெயின்றோடு மினுங்கும். வேலைத்தலம் என்னுடைய விழாவுக்காக அலங்காரம் செய்கிறது என்று நினைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

எட்டாம் மாதம் எங்கள் பழைய இழுவைப்படகு சோதனைக்கு வந்தது. எல்லோரும் அவளைக் கிழவி என்றுதான் சொல்வோம். இரண்டு நாள் ஆறவிட்டோம். தட்டிப் பார்த்த மறுநாள் காலையில் நெருப்பு மூட்டிக் குடாவுக்குள் சோதனை ஓட்டம் விடுவதாக ஏற்பாடு. அந்த ஓட்டத்தில் பொயிலருக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்க வேண்டியவன் ஜப்பார்.

இடது கை, தலை, தோள், மூச்சு. நெஞ்சு வெண்ணெய்போல இறங்கியது. எட்டு மாதத்துச் சுத்தமான நெஞ்சு, இருபது எண்ணினாலும் தாங்கும். வயிறு வந்தது. நின்றது. நான் ரப்பர் அல்லவா, நெளிந்தேன். ஏதோ உரிந்தது. என் பாரமே என்னைக் கீழே இழுத்தது, தொப்பென்று உள்ளே விழுந்தேன். உள்ளே போகும்போது பூமி நமக்கு உதவி. வெளியே வரும்போது அதுதான் எதிர்க்கட்சி என்பது அப்போது தோன்றவில்லை.

நாற்பத்தெட்டுக் கம்பிகள். மேல்வரிசைகளில் குறையில்லை. கீழ்மூலையில், நெருப்புக் குழாய்க்கும் உருளைச் சுவருக்கும் நடுவில், ஆறு கம்பிகள். முன்பெல்லாம் அங்கே விலாங்குபோல நுழைவேன். இப்போது குனிந்தால் வயிறு தொடையில் முட்டியது. பக்கவாட்டில் சரிந்தால் குழாய் முட்டியது. லாம்பைத் தூக்கிப் பார்த்தேன். கம்பிகள் நல்ல பிள்ளைகள் மாதிரித்தான் நின்றன. போன முறையும் நன்றாகத்தான் இருந்தன. கைக்கு எட்டவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் ஆணி.

அதனால் கைக்கு எட்டிய ஆறு கம்பிகளை மறுபடியும் தட்டினேன். ஒழுங்காக, இரண்டு அடி, மூன்று எண்ணி. கணக்கு நாற்பத்தெட்டு.

"எல்லாம் சரி, சேர்" என்று சொல்லிவிட்டு ஒரு கம்பியில் ஏறி நின்று கையை நீட்டினேன். தலை வந்தது. தோள் வந்தது. நெஞ்சு வந்தது. வயிறு வரவில்லை. மேலே இருந்து இழுத்தார்கள். வரவில்லை. திருப்பி இழுத்தார்கள். என் கை கழன்று வரும்போல இருந்ததே தவிர வயிறு அசையவில்லை. திரும்ப உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். மேலே படகின் இரும்புத் தட்டில் பத்து மணி வெயில்.

துளை வழியாக ஜப்பாரின் முகம் தெரிந்தது. தலைகீழாக அழுதுகொண்டிருந்தது.

"மச்சான், என்னை மன்னிச்சிரு. நான்தான்டா அராவினன்."

"எதையடா?"

"மேசைய. நீ சனிக்கிழமையில இடுப்பு உரிஞ்சு நிக்கிறதப் பாக்க ஏலாமப் போச்சு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வந்து, ஒருத்தரும் இல்லாத நேரம், கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமா அராவி, பெயின்ற் அடிச்சு..."

"எவ்வளவு?"

"நாலு நூல்."

எட்டு நூல் ஓர் அங்குலம். என் விஞ்ஞானமும் என் ரப்பரும் அரை அங்குலத்தில் முடிந்தன. மேலே யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.

"ஜப்பார், ஒரு சிகரட் தா."

அவன் உடனே சட்டைப் பைக்குள் கைவிட்டான். அவனும் புகைக்கிறவன். கெட்ட செய்தி சொன்ன கையோடு நல்லது செய்யக் கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில். அந்தக் கைக்கும் துளைக்கும் நடுவே போர்மனின் கருங்காலித் தடி குறுக்கே வந்தது.

"குடுக்கலாம்" என்றார். "ஒரு இழுவை, ஒரு இருமல். இருமினால் நெஞ்சு எவ்வளவு விரியும் எண்டு தம்பிக்குத் தெரியும். இப்ப வயிறு மட்டும்தான் அடைச்சுக்கொண்டு நிக்குது. நெஞ்சையும் அடைக்கப் போறியளோ?" பிறகு மற்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. ஈரச்சாக்கு பத்தும் ஒரு வாளி சவர்க்காரத் தண்ணியும் கொண்டு வாங்கோ. ஜப்பார், நீரும் போம்."

காலடிச் சத்தங்கள் போய் முடிந்தன. அவர் துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த அதிர்ச்சி எனக்கு உள்ளே கேட்டது.

"மிஸ்டர் இராசையா."

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"முப்பத்தேழாம் கம்பியும் நாப்பத்திமூண்டாம் கம்பியும் ஒரே குரலிலை கதைக்குது. முப்பத்தெட்டும் நாப்பத்துநாலும் அப்பிடித்தான். இந்தக் கிழவியை எனக்கு இருபது வருசமாத் தெரியும். இவளுக்கு இரட்டைப் பிள்ளையள் இல்லை."

வெயிலில் வேர்த்ததா, அந்தச் சொல்லில் வேர்த்ததா தெரியவில்லை.

"எட்டேல்லை, சேர்."

"அதைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் ஸ்டோருக்கு..."

"ஓம். சொல்லாட்டி ஜப்பார் நாளைக்கு எங்கை போவான்?" தடியால் இரும்பை மெதுவாக ஒருமுறை தட்டினார். "நானும் உள்ளுக்கை இருந்தவன்தான். ஒரு தபசு காலத்திலை மாதாவுக்கு நேர்ந்து சுருட்டை விட்டன். நாப்பது நாளும் சுருட்டில்லை, இறைச்சியில்லை. அதுக்குப் பிறகு நாப்பது மாசம் சாப்பிட்டன். ஒருதரும் ஒண்டும் சொல்லேல்லை, மரியாதை. கடைசியிலை துளைதான் சொல்லிச்சு. வெளியிலை நிண்டு காதைக் குடுக்க ஒரு தடியன் போதும், தம்பி. ரெண்டாவது தடியனுக்கு இஞ்சை கதிரை இல்லை. அந்த ஆறு கம்பியையும் தட்டுங்கோ."

"ஏலாது, சேர். வயிறு முட்டுது."

"மூச்சை விட்டிட்டுத் தட்டுங்கோ. இப்ப உங்களிட்டை இருக்கிற ஒரே நல்ல சாமான் அந்த நெஞ்சுதான். அதைப் பாவியுங்கோ."

தரையில் மல்லாந்து கிடந்து, மூச்சு முழுவதையும் விட்டு, வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைத்துச் சரிந்தேன். பன்னிரண்டு எண்ணும்வரை நேரம் இருந்தது. அதற்குள் ஒரு கம்பி, இரண்டு அடி. வெளியே வந்து மூச்சு வாங்கி, மறுபடியும். சிகரட் காலத்து நெஞ்சாக இருந்தால் முதல் கம்பியிலேயே இருமி, அங்கேயே பிரேதமாகியிருப்பேன். நாற்பத்துமூன்று, மணி. நாற்பத்துநாலு, மணி. நாற்பத்தைந்து, மணி. நாற்பத்தாறை அடித்தேன்.

பலகை.

இன்னொருதரம் அடிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மேலே போர்மன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மிச்ச ரெண்டையும் தட்டுங்கோ" என்றார். குரல் மாறவில்லை. மிச்ச இரண்டில் ஒன்றும் பலகை. பக்கத்துப் பக்கத்தில் நின்ற கம்பிகளில் இரண்டு முறிந்திருந்தன. கிழவி அடுத்த நாள் நெருப்பு மூட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் ஜப்பாருக்குக் கனகாலம் சொல்லவில்லை.

பிறகு ஈரச்சாக்கு மேல் ஈரச்சாக்காகப் போர்த்தி என்னைக் குளிரவைத்தார்கள். சாப்பாடு இல்லை, தண்ணீரும் வாயை நனைக்க மட்டும். மூன்று மணிக்கு உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் பூசி, கையை உயர்த்தினேன். மூச்சை விட்டேன். போர்மன் எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணும்போது அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. பதினேழில் வயிறு கடந்தது. வயிற்றின் தோலில் ஒரு பகுதி கிழவியிடமே தங்கிவிட்டது. படகின் தட்டில் கிடந்து மேலே பார்த்தேன். ஊரே திரண்டு நின்றது. மனிதனாகப் பிறந்த அன்றைக்கும் நான் அதே கோலத்தில்தான் இருந்தேன், ஆனால் பார்வையாளர் குறைவு.

தண்டனை என்று ஒன்றும் எழுதப்படவில்லை. ஜப்பாரைக் கூப்பிட்டு, அராவின நாலு நூலையும் வெல்டிங்கால் நிரப்பி, திரும்ப அளவுக்கு அராவச் சொன்னார். கையால், அரத்தால். மூன்று நாள் எடுத்தது. எனக்கு இரண்டு பித்தளைக் கோல்கள் தந்தார். ஒன்று சரியாகப் பதினாறு அங்குலம், மற்றது பன்னிரண்டு. "பிழை என்ரை. ஆளை அளந்தன், துளையை அளக்கேல்லை. இனி முதல் துளை. பிறகு ஆள்."

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் பிரசுரக்காரர் எதிர்பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அது மிகவும் சலிப்பானது. தேத்தண்ணீரில் சீனியை நிறுத்தினேன். பிட்டைப் பாதியாக்கி, மரக்கறியைக் கூட்டினேன். சிகரட் நினைவு வந்தால் வாயில் எதையும் போடாமல், அந்த நினைவு போகும்வரை நடந்தேன். அது ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்பதை இருபது வருடம் புகைத்தும் நான் அறிந்திருக்கவில்லை. மாலையில் துறைமுகத்திலிருந்து உப்புவெளிக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன். நான் முன்பு சண்டை பிடித்த கொண்டக்டர் பஸ்ஸின் மிதிபலகையில் நின்று, "அண்ணை, ஏறுங்கோவன், டிக்கட் வேண்டாம்" என்று தினமும் கூப்பிடுவான். பழிவாங்கும் முறைகளில் அதுபோலக் கொடியதை நான் கண்டதில்லை. மாதம் ஒரு நூல் இறங்கினேன். ஒரு மாதம் இறங்கவேயில்லை. ஐந்தாம் மாதம் சரியான மேசையில் சரியான ஆளாக மேலே வந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

போர்மன் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். கருங்காலித் தடி என்னிடம் வந்தது. நீராவி போய் டீசல் வந்தது. நானும் ஓய்வு பெற்றபோது பழைய இரும்புக்குப் போக இருந்த மேசையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அது இப்போது குசினிக்குப் பின்னால் நிற்கிறது. மற்ற நாட்களில் மனுசி அதில் தண்ணீர்ப் பானை வைக்கிறாள். சனிக்கிழமைகளில் பானையை இறக்கிவிட்டு நான் ஏறுகிறேன். உள்ளே போகப் பொயிலர் ஒன்றும் இல்லை. பிறகேன் என்று மனுசி கேட்பாள். அந்த ஆறு கம்பிகளையும் அவளுக்கு விளக்க என்னால் ஏலாது.

இரண்டு கிழமைக்கு முன், கொஞ்ச நாளாக உரசிய மேசையில் மிக இலகுவாக மேலே வந்தேன். மூக்கில் பெயின்ற் மணத்தது. கோலை எடுத்து வைத்தேன். பதினாறு அங்குலக் கோல் துளைக்குள் ஆடியது. ஆள் அனுப்பினேன். கிண்ணியாத் துறையின் அடுத்த பாதைப் படகிலேயே ஜப்பார் வந்து இறங்கினான், கையில் தயிர்ச் சட்டி.

"நீ இன்னும் திருந்தேல்லையோ?" என்றேன்.

"தங்கச்சிதான், உன்ட மனுசிதான் சொன்னாள், நீ சனிக்கிழமையில முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கியாம் எண்டு."

"எத்தினை நூல்?"

"ரெண்டு."

"எனக்கு ஒண்டு போதுமே?"

அவன் தயிர்ச் சட்டியைப் பார்த்தான். "மத்தது எனக்கு. நோன்புக்குச் சிகரட்டை விட்டவன் மச்சான், பெருநாளுக்குப் பிறகும் தொடேல்ல. டாக்டர் பரவாயில்லை எண்டுதான் சொன்னார். சேட்டுத்தான் ஒண்டும் பூட்டுதில்ல. நானும் ஒருக்கா ஏறிப் பாப்பம் எண்டு..."

வீட்டில் வெல்டிங் இல்லை. துளையின் விளிம்பைச் சுற்றிச் சணல்கயிறை இறுக்கிக் கட்டினேன். கோல்கள் இரண்டும் ஆடாமல் நிற்கும்வரை கட்டினேன். பிறகு, "ஏறு" என்றேன்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாம்தரப் பிட்டர் மேசைக்கு அடியில் தவழ்ந்து போனான். இடது கை வந்தது. தலை வந்தது. தோள் கோணலாக வந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். பத்து வந்தது, பதினைந்து வந்தது, வயிறு வரவில்லை. மனுசி சவர்க்காரத் தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் கருங்காலித் தடியை எடுத்து ஒரு முனையை மேசையில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தேன்.

"எப்பிடி, ஜப்பார்?"

"எல்லாம் சரி, மச்சான்" என்றான்.